யாரும் கேட்காத பம்ப்கின் பை

அமெரிக்காவில் நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு எந்தெந்தப் பை, அதாவது மாவு ஓட்டில் பூரணம் வைத்துச் சுடுகிற இனிப்பு, செய்வது என்பதை வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானிக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். சென்ற ஆண்டு நவம்பரிலிருந்து இதைப் பலரிடம் சொல்லிவிட்டேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் சிரித்தார்கள். வான்கோழியும் ஸ்டஃபிங்கும் மசித்த உருளைக்கிழங்கும் வயிற்றை அடைத்த பிறகு வருகிற ஒரு துண்டு இனிப்புக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று என் கணவரே கேட்டார். ஆனால் அந்த விருந்தில் வான்கோழியைப் பற்றி யாரும் வாதிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது வந்தே தீரும். பதமாக வெந்திருந்தாலும் உலர்ந்து போயிருந்தாலும் அசைவம் உண்பவர்களின் தட்டில் ஒரு துண்டு விழும். தேர்ந்தெடுப்பதற்கு என்று அன்றைக்கு மிச்சமிருப்பவை பைகள் மட்டுமே. அதனால் குடும்பத்தின் பழைய கணக்குகள் எல்லாம் அங்கே வந்து நிற்கின்றன.

எங்கள் மாப்பிள்ளையின் தாய் தெற்கு ஜார்ஜியாவில், ஆல்பனி என்ற ஊரில் பிறந்து வளர்ந்த கறுப்பின அமெரிக்கர். தந்தை இண்டியானாவின் கிழக்கு ஓரத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். விருந்து எப்போதும் அவர்கள் வீட்டில்தான் நடக்கும். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் சென்ற ஆண்டு அது ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மொத்தம் 17 பேர். வான்கோழியை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். காய்கறி வகைகளை மற்றவர்கள் சமைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பைகள் என் பொறுப்பாயின. அம்மாவும் மாயவரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். சுத்த சைவம், முட்டை வாசனைகூட ஆகாது என்கிற அவளையும் சேர்த்துத்தான் அந்த 17.

மகள் கணினித் துறையில் இருப்பவள். எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டால் சண்டை வராது என்று நம்புகிறவள். எட்டுப் பைகளின் பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த இரண்டைக் குறிக்கும்படி ஒரு படிவம் தயாரித்து எல்லோருடைய கைபேசிக்கும் அனுப்பினாள். மறுநாள் மாலைக்குள் முடிவு தெரிந்துவிட்டது. சாக்லேட் பை முதலிடம், பீக்கான் என்கிற கொட்டைப் பருப்பில் செய்யும் பை இரண்டாமிடம், ஆப்பிள் பை மூன்றாமிடம். பரங்கிக்காயில் செய்கிற பம்ப்கின் பையைக் குறித்தவர்கள் மிகச் சிலர். சர்க்கரைவள்ளிக்கிழங்கு பைக்கு அதைவிடக் குறைவு. உலர்பழமும் மசாலாவும் சேர்ந்த மின்ஸ்மீட் பைக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. முதல் மூன்றையும் இரண்டிரண்டாகச் செய்துவிட்டால் யாருக்கும் போதாமல் போகாது என்று மகள் குடும்பக் குழுவில் அறிவித்தாள். எப்போதும் கலகலப்பாக இருக்கிற அந்தக் குழுவில் அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

ஒரே ஓவன்

ஏன் எட்டையும் செய்துவிடக் கூடாது என்று கேட்பவர்கள் அந்த நாளில் ஒரு சமையலறையில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். 15 பவுண்டு வான்கோழி 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓவனுக்குள் இருக்கும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் வேறெதற்கும் அங்கே இடமில்லை. ஆகவே பைகளை முந்தின நாளே சுட்டு முடிக்க வேண்டும். சாதாரண வீட்டு ஓவனின் ஒரு தட்டில் 9 அங்குலப் பாத்திரங்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு பை வேக ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுட்டது ஆறாமல் வெட்ட முடியாது. ஒரு பையை எட்டுத் துண்டுகளாக வெட்டுவது வழக்கம். எல்லோரும் இரண்டு வகையைச் சிறிது சிறிதாகச் சுவைப்பார்கள் என்று வைத்துக்கொண்டால் 17 பேருக்கு ஐந்து பை போதும், ஆறு தாராளம்.

சுடுவதைவிடப் பெரிய சிக்கல் சுட்டதை வைப்பது. ஆப்பிள், செர்ரி போன்ற பழப் பைகள் இரண்டு நாள் வெளியிலேயே இருக்கலாம். முட்டை சேர்ந்த பம்ப்கின், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பீக்கான் பைகளை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் எச்சரிக்கை. அவை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலோ உப்பு நீரில் ஊறுகிற வான்கோழி ஒரு தட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒஹாயோவின் நவம்பர் இரவில் காரேஜே ஃபிரிட்ஜாகிவிடும் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. திடீரென்று வெயில் அடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் அங்கே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டேன். அது கணவரின் நகைச்சுவைக்கு ஒரு வாரத் தீனியானது. ஆக, பைகளைத் தேர்வு செய்யும்போது சுவைக்கு முன்னால் இந்தக் கேள்விகள் வருகின்றன: எவை ஒரே வெப்பத்தில் சேர்ந்து வேகும், எவற்றை மேசைமேல் விட்டுவைக்கலாம், எவை ஒரு நாள் முந்திச் செய்தால் கெடாமல் இன்னும் நன்றாக இருக்கும். ஐந்து அல்லது ஆறு என்ற வரம்பு அப்படி வந்தது. வரம்பு இருந்ததால்தான் சண்டையும் வந்தது.

ஆரஞ்சு நிறத்தில் இரண்டு

அந்த மௌனத்தைக் கலைத்தவர் மாப்பிள்ளையின் அத்தை, அதாவது சம்பந்தியின் தங்கை. பம்ப்கின் பை இல்லாமல் தேங்க்ஸ்கிவிங்கா என்று ஒரே வரி எழுதினார். படிவத்தில் அவர் குறித்திருந்தவை சாக்லேட்டும் பீக்கானும் என்பதை மகள் நயமாக நினைவூட்டினாள். அதனால் என்ன என்று பதில் வந்தது. சரி, பம்ப்கின் பை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், அது இருந்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பையும் இருந்த மாதிரிதானே, இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்று யாரோ எழுதினார்கள். அப்போதுதான் ஜார்ஜியாக்காரர்கள் பேசத் தொடங்கினார்கள்.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது உண்மை. மசித்த விழுதில் முட்டை, பால், சர்க்கரை, பட்டை, சாதிக்காய் சேர்த்து, மாவு ஓட்டில் ஊற்றிச் சுடுவது இரண்டுக்கும் பொது. ஆனால் அவை வந்த வழி வேறு வேறு. 1621-ல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்தியதாகச் சொல்லப்படும் முதல் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் பை எதுவும் இருந்திருக்க முடியாது. கோதுமை மாவும் வெண்ணெயும் ஓவனும் அவர்களிடம் அப்போது இல்லை. 1796-ல் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் நூலில் மாவு ஓட்டில் சுடுகிற பரங்கிக்காய்க் குறிப்புகள் வந்துவிட்டன. தேங்க்ஸ்கிவிங்கை நாடு முழுவதற்குமான விடுமுறையாக்கப் பல பத்தாண்டுகள் கடிதம் எழுதிப் போராடிய சாரா ஜோசஃபா ஹேல், நாட்டின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துக்காரர். 1827-ல் அவர் எழுதிய நாவலில் வருகிற விருந்து மேசையில் பம்ப்கின் பைக்கு முக்கிய இடம் உண்டு. உள்நாட்டுப் போரின் நடுவே 1863-ல் லிங்கன் அந்த நாளை அறிவித்தபோது, வடக்கின் விருந்தும் வடக்கின் பையும் சேர்ந்தே வந்தன. தெற்கில் வெகுகாலம் அதை வடக்கத்தியர் பண்டிகையாகவே பார்த்தவர்கள் உண்டு.

தெற்கில் பரங்கிக்காயைவிடச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு நன்றாக விளையும். பண்ணை வீடுகளின் சமையலறைகளில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள் அதை வைத்துப் பை செய்தார்கள். அப்படி அடிமைத்தளையில் பிறந்து, விடுதலைக்குப் பின் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து, ஊறுகாயும் பழப்பாகும் விற்றுப் பெயரெடுத்தவர் அபி ஃபிஷர். எழுதப் படிக்கத் தெரியாத அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய சமையல் நூல் 1881-ல் அச்சானது. அதில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பைக்கு ஒரு ஆரஞ்சின் சாறும் பாதி ஆரஞ்சின் தோல் துருவலும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மாவும் இன்றுவரை ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுகிறார். என் அம்மா போட்டதால் போடுகிறேன் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். இந்தப் பையைப் பம்ப்கின் பை இருக்கிறதே என்று ஒதுக்கினால் அவருடைய அக்கா தங்கைகளுக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்கு வந்த செய்திகளின் தொனியில் தெரிந்தது. ஒருவர், வேண்டுமானால் பம்ப்கினை எடுத்துவிட்டு இதை வையுங்கள் என்றார். சம்பந்தியின் தங்கை மறுபடியும் ஒரே வரி எழுதினார். அந்த வரியை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

சம்பந்தியம்மா கேட்ட கேள்வி

அன்றிரவு சம்பந்தியம்மா தொலைபேசியில் அழைத்தார். முழங்காலைப் பற்றி விசாரித்தேன். அவர் அதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு, உங்கள் மகள் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டாள் என்றார். எது பிடிக்கும் என்பது பிறந்தநாளுக்குக் கேட்க வேண்டிய கேள்வியாம். இந்த நாளுக்குக் கேட்க வேண்டியது வேறு: மேசையைப் பார்த்தவுடன் எது இல்லையென்று உங்கள் கண் தேடும்? சாக்லேட் பை தனக்கும் மிகவும் பிடிக்கும் என்றும், அது இல்லாவிட்டால் தான் அதைக் கவனிக்கக்கூட மாட்டேன் என்றும் சொன்னார். பம்ப்கின் பை தன் நாக்குக்குச் சப்பென்றுதான் இருக்கிறது, கணவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட்டதில்லை, ஆனால் அது இல்லாத மேசையில் தன் நாத்தனார் உட்கார்ந்திருப்பதைத் தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகு எனக்குத் தீபாவளி லேகியம் நினைவுக்கு வந்தது. சுக்கு, மிளகு, கண்டந்திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாவற்றையும் அரைத்து, வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறிய அந்தக் கரிய உருண்டையை எங்கள் வீட்டில் யாரும் ஆசையாகக் கேட்டு வாங்கியதில்லை. எண்ணெய்க் குளியல் முடிந்து வந்து நிற்பவர்களின் உள்ளங்கையில் அம்மா உருட்டி வைப்பாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட்டு எல்லோரும் அதிரசத்துக்கும் முறுக்குக்கும் ஓடுவோம். தீபாவளிக்கு என்னென்ன பலகாரம் வேண்டும் என்று படிவம் அனுப்பியிருந்தால் லேகியத்துக்கும் பூஜ்யம்தான் கிடைத்திருக்கும். ஆனால் அம்மா ஒரு வருஷம் உடம்பு சரியில்லாமல் அதைக் கிளறாமல் விட்டபோது, லட்டு தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அப்பா கேட்ட முதல் கேள்வி, லேகியம் எங்கே என்பதுதான். பம்ப்கின் பையிலும் சுக்குத் தூள் விழுகிறது என்பதை இதற்கு ஆதாரமாகச் சொன்னால் என் மகள் சிரிப்பாள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

மகள் மறுநாள் படிவத்தை மாற்றினாள். இம்முறை பெயர்ப் பட்டியல் கிடையாது. ஒரு கேள்வியும் அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டமும் மட்டுமே. பதில்கள் தலைகீழாக வந்தன. முதல் சுற்றில் சாக்லேட்டைக் குறித்தவர்களில் பலர் இப்போது பம்ப்கின் என்று எழுதியிருந்தார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று எழுதியவர்கள் சிலரே. ஆனால் அவர்கள் அதைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை; ஒருவர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். ஆப்பிளும் பீக்கானும் இரண்டு சுற்றிலும் தம் இடத்தில் நின்றன. சாக்லேட்டைத் தேடுவதாகச் சொன்னவர்கள் குழந்தைகள் இருவர் மட்டும்.

பிடிக்கும் என்று சொல்வதில் ஒருவர் தன்னை மட்டும் நினைத்துக்கொள்கிறார். அந்த வகையில் முதல் படிவம் நேர்மையானதுதான். அதன் சிக்கல் வேறு. பலருக்கு மிதமாகப் பிடித்த ஒன்று, சிலருக்கு மிக அவசியமான ஒன்றை எளிதாகத் தள்ளிவிடும். கட்டத்தில் விழுகிற ஒரு குறி எவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்பது கணக்கில் வராது. பீக்கான் பையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வாயில் வைக்க முடியாத இனிப்பு. 1902-ல் சந்தைக்கு வந்த கேரோ சோளப்பாகின் புட்டிகளோடு பரவிய செய்முறை அது, பாகுக்கு மேல் பாகு. ஆனால் ஆல்பனியைச் சுற்றி மைல் கணக்கில் பீக்கான் தோப்புகள்தாம். அந்த மரத்தை முதன்முதலில் வெற்றிகரமாக ஒட்டுக்கட்டி நல்ல காய்க்கு வழி செய்தவர் லூசியானாவில் ஆன்ட்வான் என்ற அடிமைத் தோட்டக்காரர். 1840-களில் அவர் ஒட்டிய மரங்களின் காய்தான் 1876-ல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் பரிசு பெற்றது. சம்பந்தியம்மாவின் அண்ணன் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மூட்டை நிறைய உடைத்த பீக்கான் பருப்பு அனுப்புகிறார். அது வந்து சேர்ந்த பிறகு பீக்கான் பை செய்யலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு வேலையே இல்லை.

முட்டையில்லாத இடம்

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, அம்மாவுக்கு எதுவும் இல்லை என்பதை நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது. பம்ப்கினிலும் கிழங்கிலும் பீக்கானிலும் முட்டை. அவர்கள் வீட்டுச் சாக்லேட் பையில் பச்சை முட்டையையே அடித்துச் சேர்ப்பார்கள். மின்ஸ்மீட் என்று கடையில் கிடைப்பவை சிலவற்றில் மாட்டுக் கொழுப்பு இருக்கும். கடையில் வாங்குகிற மாவு ஓடுகள் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஆப்பிள் பை மட்டும் தப்பும், அதுவும் வெண்ணெய் ஓட்டில் செய்து, மேல்பூச்சுக்கு முட்டைக்குப் பதில் பாலைத் தடவினால். வெர்மான்ட் மாநிலத்தில் ஆப்பிள் பையோடு குளிர்ந்த பாலோ, குறைந்தது அரை அவுன்ஸ் செடார் பாலாடைக்கட்டியோ, ஒரு பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீமோ தர முயல வேண்டும் என்று 1999-ல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்றாள்.

"எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம், ரெண்டு இட்லி இருந்தாப் போறும்" என்றும் சொன்னாள். எதிர்பார்த்த பதில்தான். ஆனால் எல்லோரும் இனிப்புத் தட்டோடு உட்கார்ந்திருக்க அவள் மட்டும் காப்பி தம்ளரோடு உட்கார்ந்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

வழி இரண்டாவது படிவத்தில் இருந்தது. வழக்கமாக எந்தக் கேள்விக்கும் பதில் அனுப்பாத சம்பந்தி, அந்த வெற்றுக் கட்டத்தில் சுகர் க்ரீம் என்று எழுதியிருந்தார். முதல் படிவத்தின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. இண்டியானாவின் பழைய பண்ணை வீட்டுப் பை அது. நிலவறையில் சேமித்த ஆப்பிள் தீர்ந்துபோய்ப் புதுப் பழம் வராத மாதங்களில், வீட்டில் எப்போதும் இருக்கும் பாலேடு, சர்க்கரை, மாவு, வெண்ணெய் ஆகியவற்றை மட்டும் வைத்துச் செய்தது. மேலே கொஞ்சம் சாதிக்காய்த் தூள். ஓட்டிலேயே எல்லாவற்றையும் போட்டு, ஓடு உடையாமல் இருக்க விரலால் கலக்குவார்களாம். அதில் முட்டை கிடையாது. சம்பந்தியின் அம்மா காலமானதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. அவர் ஒருவர் மட்டும் ஆண்டுதோறும் மேசையில் அதைத் தேடிவிட்டு, சொல்லாமல் இருந்திருக்கிறார்.

பழைய முறையில் ஓட்டுக்குப் பன்றிக் கொழுப்புதான். நான் ஒன்றேகால் கோப்பை மாவுக்கு அரைக் கோப்பை குளிர்ந்த வெண்ணெயைச் சேர்த்து, பட்டாணி அளவுக்கு உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். பூரணத்தை விரலால் கலக்கத் துணிவு வரவில்லை. அடுப்பில் வைத்துக் கெட்டியாகும்வரை துழாவி ஊற்றினேன். இந்தப் பை இரவு முழுவதும் குளிரில் இருந்தால்தான் வெட்டும்படி இறுகும் என்பதால் முந்தின நாள் பட்டியலில் அதுதான் முதலில் ஓவனுக்குள் போனது. பிறகு பம்ப்கினும் கிழங்கும் ஒரே வெப்பத்தில் ஜோடியாக வெந்தன. இரண்டையும் நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது வெடிக்கும். அதன்பின் பீக்கான். கடைசியாக ஆப்பிள், அதிகச் சூட்டில். இந்த ஐந்தோடு முடித்திருக்கலாம்.

உள்ளே வருவதும் வெளியே போவதும்

முடிக்காததற்குக் காரணம், சம்பந்தியம்மாவின் கேள்வியிலும் ஓர் ஓட்டை இருப்பது. எது இல்லாவிட்டால் தேடுவீர்கள் என்று கேட்டால், முன்பு இருந்தது மட்டுமே பதிலாக வரும். புதிதாக ஒன்று அந்த மேசைக்கு வரவே முடியாது. சாக்லேட் பையைத் தேடிய குழந்தைகள் இருவரும், அதைத் தாங்கள் பிறந்ததிலிருந்து ஏதோ ஒரு வீட்டில் பார்த்து வந்தவர்கள். அவர்களுக்கு அதுவே பழையது. பம்ப்கின் பையும் ஒரு காலத்தில் நியூ இங்கிலாந்துக்கு வெளியே புதிதாகத்தானே போயிருக்கும். ஆகவே கேள்விக்கு வெளியே ஓர் இடத்தை ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்து, சாக்லேட் பையை ஆறாவதாகச் சேர்த்தேன். பச்சை முட்டைக்குப் பதிலாக, சோளமாவுக் கஞ்சியில் கொக்கோவைக் காய்ச்சி ஊற்றியதால் அம்மாவும் சாப்பிடும்படி ஆயிற்று; மாப்பிள்ளை வீட்டு இளைஞர்கள் இது அசல் இல்லை என்றார்கள், காலி செய்தும் விட்டார்கள்.

வெளியே போவது இன்னும் சத்தமில்லாமல் நடக்கிறது. மின்ஸ்மீட் பை சம்பந்தி வீட்டு மேசையில் வெகுகாலம் இருந்ததாம். ஒரு பெரியப்பாவுக்காகச் செய்தார்கள். அவர் போன பிறகும் சில ஆண்டுகள் பழக்கத்தில் செய்து, வெட்டாமலே தூக்கிப் போட்டார்கள். பிறகு ஒரு வருஷம் செய்யவில்லை, யாரும் கேட்கவில்லை. மகளின் முதல் படிவத்தில் அதன் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலிலிருந்து எடுத்தாளாம்.

விருந்து அன்றைக்குப் பம்ப்கின் பையில் பாதிக்கு மேல் மீந்தது. சம்பந்தியின் தங்கை ஒரு மெல்லிய துண்டை எடுத்து, அதில் பாதியை வைத்துவிட்டு, சுகர் க்ரீமுக்குப் போனார். சம்பந்தி சுகர் க்ரீமில் இரண்டு துண்டு சாப்பிட்டார். ஓடு தன் அம்மா செய்தது மாதிரி இல்லை என்று சொல்லவும் சொன்னார், கொழுப்பு வேறல்லவா. அம்மா அதை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஏலக்காய் போட்டிருக்கலாமே என்றாள்.

பாதிக்கு மேல் மீந்துபோகும் என்று தெரிந்தே செய்கிற ஒன்றை எவ்வளவு சிரத்தையோடு செய்ய வேண்டும் என்பதில்தான் எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அது மேசையில் இருந்தால் போதும், யாரும் இரண்டாவது துண்டு கேட்கப் போவதில்லை, மொத்த விற்பனைக் கடையில் 12 அங்குல அகலத்துக்குக் கிடைக்கிறதை வாங்கிவிட்டால் ஓவனில் ஓர் இடம் மிச்சம் என்பது அவர் கட்சி. என் கட்சி வேறு. டப்பாவில் வருகிற விழுது பெரும்பாலும் இலினாய் மாநிலத்தில் மோர்ட்டன் ஊரைச் சுற்றி விளைகிற டிக்கின்சன் வகை; ஹாலோவீனுக்குச் செதுக்குகிற காயைவிட அது பட்டர்நட் காய்க்கு நெருங்கிய உறவு. நம் ஊர்ப் பரங்கிக்காயும் பெரும்பாலும் அந்த இனமே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவற்றை எல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் பம்ப்கின் என்றே பெயர் போடலாம். ஆகவே இந்தியக் கடையில் கீற்றாக வெட்டி விற்கிற பரங்கிக்காயை வாங்கி, ஓவனில் சுட்டு, மசித்து, துணியில் கட்டித் தண்ணீரை வடித்துவிட்டுச் செய்தால் டப்பாவைவிட நன்றாக இருக்கும் என்று நான் சொல்கிறேன். நன்றாக இருந்தால் பம்ப்கின் பையாக இருக்காது என்கிறார் அவர். டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுப்படி 15 அவுன்ஸ் விழுதும் 12 அவுன்ஸ் சுண்டிய பாலும் இரண்டு முட்டையும் போட்டுச் செய்த அந்த ருசியைத்தான் தன் நாத்தனார் தேடுவாராம்.

இந்த ஆண்டு விருந்து மறுபடியும் அவர்கள் வீட்டில். சுகர் க்ரீம் பையை நான் கொண்டு வர வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். இம்முறை ஏலக்காய் போடலாமா என்று சம்பந்தியிடம் இன்னும் கேட்கவில்லை. பம்ப்கின் பையைக் கடையில் வாங்கப் போவதாகச் சம்பந்தியம்மா செய்தி அனுப்பியிருக்கிறார். பரங்கிக்காய்ப் பை ஒன்றையும் சேர்த்து எடுத்து வருகிறேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன்.